நாற்காலி இருக்கும் பக்கம் தலைமாடு

குற்றாலத்துச் சாரல் பிடிலுக்கு ஆகாது. ஐயா வெளியூர்க்காரர் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆனி பிறந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் ஏறிவிடும். தந்தி இறங்கும், பசை விடும், வில்லின் மயிர் தொய்ந்துபோகும். எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்க வருகிறவர்களுக்குச் சாரல் என்றால் கொண்டாட்டம். எனக்கு அது பத்து வருஷமாகத் தலைவலி.

ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கு நிதானமாகவே சொல்கிறேன். பெயர் ஏசுவடியான், தகப்பனார் பாக்கியநாதன். ஊர் தென்காசி. வயது ஐம்பத்திரண்டு. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன், இங்கிலீஷ் வாசிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிடில் வாசிப்பேன். சீசன் வந்தால் குற்றாலத்தில் இன்னிஸ் துரை பங்களாவில் வாசிப்பேன். துரைக்கு ஆரியங்காவுக்கு மேலே தேயிலைத் தோட்டம். ஆனியிலும் ஆடியிலும் துரைசாணியோடு கீழே இறங்கி வந்து அந்தப் பங்களாவில் இருப்பார். ஸ்காட்லாந்துக்காரர்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தங்கள் ஊர் ஆட்டம் ஆடுவார்கள். நாலு ஆண், நாலு பெண். நான் வாசிக்காவிட்டால் ஆட்டம் கிடையாது.

அந்த ஆட்டத்தைப் பற்றி ஐயா ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் மீதி புரியாது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிரே ஒரு வரிசை. வரிசைக்குத் தலைமாடு, கால்மாடு உண்டு. தலைமாடு எது என்பதைக் கூடம் தீர்மானிப்பதில்லை, வாசலும் தீர்மானிப்பதில்லை. பிடில்காரன் எந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறானோ அதுதான் தலைமாடு. ஆண்களுக்கு இடது தோள் அவன் பக்கம் இருக்க வேண்டும், பெண்களுக்கு வலது தோள். முதல் ஜோடி அவன் காலடியில் நிற்கும். அவன் கோடி மாறினால் இரண்டு வரிசையும் பக்கம் மாறிவிடும். துரைசாணி முதல் வருஷமே மேஜையில் கொட்டைப்பாக்கை ஆணாகவும் புளியங்கொட்டையைப் பெண்ணாகவும் வைத்து எனக்கு இதைக் காட்டினார். தென்காசித் தாலுகாவில் நான் உட்கார்ந்த இடம் எனக்காகத் தலைமாடு ஆன வீடு அது ஒன்றுதான். கலியாண வீட்டில் என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குப் பெயர் ஆசை எப்போதும் கிடையாது. கோயிலுக்கு ஒரு பெஞ்சு செய்து போட்டபோதுகூட என் பெயரைச் சின்ன எழுத்தில்தான் எழுதச் சொன்னேன்.

என் மனைவி ரெபேக்காள் முப்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் வாந்திபேதியில் போனாள். அன்றைக்கும் சனிக்கிழமை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து ஆள் வந்தான். பிடில்காரன் பாதியில் எழுந்தால் எட்டுப் பேர் நடுவழியில் நிற்பார்கள். அது மரியாதையில்லை. முடித்துக்கொடுத்துவிட்டு வண்டி பிடித்துப் போனேன். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் மூன்று மைல்தான். நான் போனபோது பக்கத்து வீட்டு சைதூன் பீவி அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் அண்ணாச்சி. அரை மணி முந்தி வந்திருந்தா கண்ணத் தொறந்து பாத்திருப்பா."

அதை நான் மறந்ததில்லை. ராத்திரி தூங்காமல் எத்தனையோ நாள் கிடந்திருக்கிறேன். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. கல்லறைக்குக் கல் போட்டேன். 'பிடில் வித்வான் ஏசுவடியானின் மனைவி' என்று வெட்டியிருக்கிறது. கல் சின்னது, அதற்கு மேல் அவள் பெயருக்கு இடம் போதவில்லை.

அடுத்த வருஷம் துரைசாணி ஒரு புது ஆட்டம் கட்ட வேண்டும் என்றார். அவர் ஊரில் அதற்கென்று ஒரு சபை இருக்கிறதாம், நல்ல ஆட்டமாக இருந்தால் புத்தகத்தில் போடுவார்களாம். நடை அவருக்குத் தெரியும், ஆனால் கோப்பு வரவில்லை. பாக்கையும் புளியங்கொட்டையையும் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார், நடுவில் எல்லாம் மோதிக்கொள்ளும். நான்தான் பின்னல் கோலாட்டத்தைச் சொன்னேன். கயிறு பின்னுவதுபோல மூன்று பேர் ஒருவரை ஒருவர் சுற்றி வந்தால் யாரும் மோத மாட்டார்கள் என்று கொட்டையை நகர்த்திக் காட்டினேன். துரைசாணி கையைத் தட்டினார். அதற்கு முன்னால் முதல் ஆண் வெளிப்பக்கமாகத் திரும்பித் தன் வரிசையின் முதுகுக்குப் பின்னால் கால்மாட்டை நோக்கி இறங்கி, பாதி வழியில் சுழன்று, திரும்ப ஏறி வர வேண்டும் என்று வைத்ததும் நான்தான். எட்டு எண்ணிக்கை. நாலாவது எண்ணிக்கையில் சுழற்சி. மெட்டும் என்னுடையது. இரண்டு சீசன் உழைத்தேன் ஐயா. கொட்டைப்பாக்கு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

பெயர் வைப்பதுதான் கஷ்டம் என்றார் துரைசாணி. அவர்கள் ஊரில் ஆட்டத்துக்கு ஆள் பெயர் வைப்பார்கள். யாரோ ஒரு ஆலைக்காரன் மகள், இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவள், இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் அவள் பெயரைச் சொல்லி ஆட்டம் கூப்பிடுகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏசுவடியான், உன் பெண்சாதி பேர் என்ன?" என்று அவரே கேட்டார்.

சொன்னேன். வேதாகமப் பெயர், அழகான பெயர் என்றார். நோட்டில் தலைப்பு இடத்தில் 'ரெபேக்காளின் சாரல்' என்று எழுதினார். பென்சிலால் எழுதினார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டங்கன் துரையைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. செங்கோட்டைப் பக்கம் ரயில்வேயில் இஞ்சினீயர். ஆறடி உயரம், அதற்கேற்ற பாரம், எப்போதும் சிரிப்பு. நல்ல மனுஷன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஊருக்குப் போய் வந்தபோது என் வில்லின் மயிரில் தேய்க்க ஒரு கட்டி ரோசனம் வாங்கி வந்து கொடுத்தார். மழையில் ஒரு தரம் தன் குடையில் என்னைச் சேர்த்துக்கொண்டு வண்டி வரை நடந்தார். ஆட்டத்தில் அவருக்கு ஒரு பழக்கம். சுழலும்போது சுவரில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்து, அந்த உந்தலில் திரும்புவார். சுண்ணாம்புச் சுவரில் அவர் கை அழுக்கு பதிந்திருக்கும். ஆண்கள் வரிசை எப்போதும் சுவர்ப் பக்கம்தான், ஏனென்றால் என் நாற்காலி எப்போதும் தாழ்வாரத்தின் வடக்குக் கோடியில் இருக்கும்.

முப்பத்து நாலாம் வருஷ சீசனில் அவருக்கு வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிற உத்தரவு வந்தது. அவருக்கு விருந்து வைக்க இன்னிஸ் துரை ஏற்பாடு செய்தார். அந்த வாரம் நான் ஒத்திகைக்குப் போனபோது நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. ரெபேக்காள் இல்லை. ரப்பரால் அழித்து, அதன் மேலேயே மையால் 'டங்கன் துரை பிரியாவிடை' என்று எழுதியிருந்தது. காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்தின் பள்ளம் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

"உனக்கு வருத்தம் இல்லையே? இன்னொரு ஆட்டம் கட்டுவோம், அதுக்கு அவள் பேர் வைக்கலாம்" என்றார் துரைசாணி.

வருத்தமில்லை அம்மா என்றேன். டங்கன் துரை வந்து என் தோளைத் தட்டி, தனக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது ஐயா. அவர் ஊருக்குப் போகலாம், பெண்டாட்டி பிள்ளையோடு நூறு வயசு இருக்கலாம். ரெபேக்காளுக்கு இருந்தது அந்த ஒரு வரிதான். அதையும் பிடுங்கிக்கொண்டு நல்லவராகச் சிரிக்கிறார்.

சுடலையாண்டி ஆசாரி புதன்கிழமை என் வீட்டுக்கு வந்தான். பங்களாவின் மர வேலையெல்லாம் அவன் கை. ஆட்டம் நடக்கிற நீளத் தாழ்வாரத்துக்கு மேற்கே சுவர், கிழக்கே ஓடை. ஓடைப் பக்கம் இடுப்பு உயரத்துக்கு மரக்கிராதி. அதற்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் பாறை, பாறைக்கு நடுவே சீசன் தண்ணீர்.

"அண்ணாச்சி, கிராதியில நடுக்கால் உள்ளுக்குள்ள உளுத்துப்போச்சு. மேல வார்னிஷ் மின்னுதுன்னு பாக்காதிய. ஒரு ஆளு கைய ஊணிச் சாஞ்சாம்னா ஓடையிலதான் கெடப்பான். புதுக்கால் திங்கக்கெழமதான் வருது. தொரைட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. என்னய பட்லர் உள்ள விடமாட்டேங்கான்."

"நான் சொல்லிக்கிடுதேன். நீ போ."

"மறந்துராதிய அண்ணாச்சி."

"ஏலே, அதான் சொல்லுதேம்லா."

சொல்லத்தான் நினைத்தேன். இதை ஏட்டையா அப்படியே எழுத வேண்டும். வியாழக்கிழமை காலையில் அதற்காகவே நடந்து போனேன். கதவு வரை போய்விட்டேன். உள்ளே துரைசாணி விருந்துக்கு அச்சடித்து வந்த அட்டையை யாருக்கோ உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். 'டங்கன் துரை பிரியாவிடை. புதிய ஆட்டம். கட்டியவர் இன்னிஸ் துரைசாணி.' அதோடு அட்டை முடிந்துவிட்டது. பிடில்காரன் என்று ஒருவன் இருப்பதாக அதில் இல்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை. ரெபேக்காளின் பெயர் இல்லாததுதான் எனக்கு வலித்தது. கதவைத் தட்டாமல் திரும்பி வந்து, வழியில் ஒரு கடையில் சோடா குடித்தேன்.

பிறகு யோசித்தேன். ஆட்டம் பிரியாவிடை. பிரிகிறவர் இல்லாமல் போனால் அந்தப் பெயருக்குப் பொருளில்லை. அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்ல விரும்ப மாட்டார்கள். நாம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பொங்கலே வைப்பதில்லை. செத்தவர் பெயரால் கூத்தடிப்போமா? மாட்டோம். அழித்துவிடுவார்கள், பழைய பெயர் தானாக மேலே வரும் என்று எண்ணினேன். நன்றாக நிதானமாகத்தான் எண்ணினேன்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கே போனேன். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் தெற்குக் கோடிக்கு நடந்தேன். பட்லர் பிச்சைமணி எதிரே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, எடத்த மாத்துதிய?"

"வடக்க சாரல் அடிக்குது. பிடில் நனைஞ்சிரும்."

"குடுங்க, நான் தூக்குதேன்."

வேண்டாமென்று நானே கொண்டுபோய் வைத்தேன். அவ்வளவுதான் ஐயா. யாரையும் தொடவில்லை, யாரையும் தள்ளவில்லை, கிராதிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு நாற்காலியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாற்றினேன். நாலு மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தார்கள். இரை போட்ட பக்கம் கோழி திரும்புவதுபோல எல்லாரும் திரும்பினார்கள். இடது தோள் என் பக்கம் இருக்க வேண்டுமே, அதனால் ஆண்கள் வரிசை கிழக்கே போனது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிராதி. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

ஆட்டம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதல் ஜோடியாக நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ரெபேக்காளின் பெயர் இருந்திருந்தால், அவள் உயிரோடு இல்லாததால், வீட்டுக்காரர் என்ற முறையில் இன்னிஸ் துரை முதலில் நின்றிருப்பார். அவர் மெலிந்த ஆள், சுவரைத் தொடாமல் ஆடுகிறவர், ஒன்றும் நடந்திருக்காது. பெயரை எடுத்துக்கொண்டவர் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டார். இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

வில்லை வைத்தேன். டங்கன் துரை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வெளிப்பக்கம் திரும்பினார். ஒன்று, இரண்டு. அந்த இடத்தில் நான் கொஞ்சம் வேகம் கூட்டினேன். வேகம் கூடினால் அவர் இன்னும் ஓங்கி அடிப்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று. நாலாவதில் கையை ஓங்கி நடுக்காலில் அடித்தார். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈர விறகு ஒடிகிற சத்தம்தான். துரைசாணி அவருக்கு எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றார், பிடிக்கக் கை வரவில்லை. எட்டாவது எண்ணிக்கை வரை வாசித்துவிட்டுத்தான் நான் நிறுத்தினேன். பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

உடம்பு கீழே குளிக்கிற துறையில் கிடைத்தது. எண்ணெய் தேய்க்கிற ஆட்கள்தான் இழுத்துப் போட்டார்கள்.

விசாரணையில் சுடலையாண்டி, பிடில்கார அண்ணாச்சியிடம் புதன்கிழமையே சொன்னேன் என்றான். என்னைக் கேட்டார்கள். அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கோயிலில் பெஞ்சு செய்து போட்டவன் சொல்வதை நம்பாமல் ஆசாரி சொல்வதை யார் நம்புவார்கள்? உளுத்த காலைத் துரையிடம் சொல்லாமல் விட்டான் என்று அவனை ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். அவன் பெண்டாட்டி மாரித்தாய் கைப்பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"அவுக பொய் சொல்லமாட்டாவ அண்ணாச்சி. ஒங்களுக்கு மறந்திருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அவளுக்காக ஜெபம் பண்ணினேன். வெளியே வந்தபின் அவனுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. குடும்பத்தோடு கொல்லத்துப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நல்ல வேலைக்காரன், என் பிடிலுக்குக்கூட ஒரு முறை பசை போட்டுக் கொடுத்தான்.

என் கணக்கு தப்பியது வேறு இடத்தில். செத்தவர் பெயரை நாம் ஒதுக்குவோம். அவர்கள் அப்படியில்லை ஐயா. அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் துரைசாணி கறுப்பு உடையில் என்னைக் கூப்பிட்டு, டங்கனின் பெயர் இனி இந்த ஆட்டத்தைவிட்டு எந்தக் காலத்திலும் போகாது, அது அவருக்கு நாம் செய்கிற கடமை என்றார். உயிரோடு ஊருக்குப் போயிருந்தால் இரண்டு வருஷத்தில் மறந்து பெயரை மாற்றியிருப்பார்கள். என் கையால் நானே அதை ஆணி அடித்துவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான துக்கம் வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன வாரம் ஸ்காட்லாந்திலிருந்து புத்தகம் வந்தது. துரைசாணி அனுப்பியிருக்கிறார். இதோ, ஐயா பார்க்கலாம். பன்னிரண்டாம் பக்கம். 'டங்கன் துரை பிரியாவிடை.' பாக்கும் புளியங்கொட்டையும் வைத்து நான் செய்தது அத்தனையும் அடி பிசகாமல் இருக்கிறது, பின்னல் உட்பட. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது பாருங்கள். 'மெட்டு: குற்றாலத்தில் கேட்டது.' கேட்டதாம். குருவி கத்தியதைக் கேட்டதுபோல. அதை விடுங்கள், அது ஒரு பெரிய விஷயமில்லை.

புத்தகத்தை சைதூன் பீவியிடம் காட்டி, ரெபேக்காள் பெயர் வரவேண்டிய இடம் இது என்று சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் எழுத்துக்கூட்டத்தான் வரும். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவளுக்கு எதுக்கு அண்ணாச்சி இது? நீங்க பிடில எடுத்தா அவ எங்க வீட்டு அடுப்படியிலல்லா வந்து உக்காந்திருப்பா. சத்தம் ஓஞ்சப்புறந்தான் போவா."

படிக்காதவள், அவளிடம் விளக்கிப் பிரயோஜனமில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதை ஏட்டையா குறித்துக்கொள்ளட்டும்.

சாரலைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்கே சாரல் நின்றுவிட்டது. வடக்குக் கோடி தரை காய்ந்துதான் கிடந்தது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது என்று சொன்னால் எட்டிப் பார்த்து உறுதி செய்கிறவர்கள் கிடையாது. கால் உளுத்தது எனக்குத் தெரியும், சுவரில் அடிக்கிற கை தெரியும், நாலாவது எண்ணிக்கை தெரியும். டங்கன் துரையைக் கொன்றது நான். சுடலையாண்டி சொன்னது அத்தனையும் சத்தியம்.

என்ன தண்டனையோ கொடுங்கள், நான் தடுத்துப் பேசப்போவதில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். இந்த வாக்குமூலத்தை இங்கிலீஷில் பெயர்த்து அந்தச் சபைக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். ஆட்டத்தைக் கட்டியது யார், மெட்டுப் போட்டது யார் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது திருத்துவார்களாம், முன்னுரையில் போட்டிருக்கிறது. கொலை நடந்தது தெரிந்தால் பழைய பெயரை வைத்திருக்க அவர்களுக்கே மனசு வராது. ரெபேக்காள் என்று வைத்தால் நல்லது. அந்தப் பெயர் அவர்களுக்குத் தோதுப்படாவிட்டால் கட்டாயமில்லை, என் பெயரையே போட்டுக்கொள்ளலாம், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.